வீட்டு உபயோகத்துக்கு மட்டும்

“கட்டிலுக்கு அடியில இனிமே இடமில்ல அண்ணி. அண்ணனுக்கு அடியில தள்ளுங்க!”

நாத்தனார் இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கீழே மெக்கானிக்கின் பைக் வந்து நின்றாகிவிட்டது. ஸ்டாண்டு போடும் சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. அறை முழுக்க லாட்ஜ் விரிப்புகள். நாற்காலியில் ஒரு குவியல், அடுப்பு மேடையில் ஒரு குவியல், கதவுக்குப் பின்னால் பிரிக்காத மூட்டை.

துணியக்கா யோசிக்கவில்லை. புருஷனின் தோளுக்கடியில் கையைக் கொடுத்து ஒரு பக்கமாகப் புரட்டினாள்.

“ஐயோ, முதுகு!”

“கொஞ்சம் பொறுத்துக்கங்க.”

“நான் மனுஷனா, மூட்டையா?”

“இப்போதைக்கு மூட்டை மேல இருக்கற மனுஷன். வாயைத் திறக்காம படுங்க.”

மடித்த விரிப்புகள் அடுக்கடுக்காக அவனுக்குக் கீழே போயின. அவன் கிரேன் ஓட்டியவன். வானத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஊரையே குனிந்து பார்த்தவன். ஏணியில் கால் தவறி விழுந்து இடுப்பு போனதிலிருந்து கட்டிலே கதியென்று கிடக்கிறான். லாட்ஜ் விரிப்புகளின் புண்ணியத்தில் இன்றைக்கு மறுபடியும் கொஞ்சம் உயரத்துக்குப் போயிருந்தான்.

எல்லாம் மறைந்தது. மறைக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். அது மெஷினின் வயிற்றுக்குள் இருந்தது.

துவைத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சை விட்ட மெஷின் அது. கதவு பூட்டியது பூட்டியபடி. வட்டக் கண்ணாடிக்குள் சோப்பு நுரையோடு விரிப்புகள் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றன. அதில் ஒன்றின் மூலையில் லாட்ஜின் சிவப்பு முத்திரை, கண்ணாடியோடு ஒட்டி, வா வந்து படி என்று கூப்பிட்டது.

துணியக்கா ஒரு துண்டை எடுத்து மெஷினின் தலையிலிருந்து முகத்தை மூடித் தொங்கவிட்டாள். கதவு தட்டப்பட்டது.

தெருவில் யாருக்கும் அவள் சொந்தப் பெயர் நினைவில் இல்லை; துணியக்கா என்றால்தான் தெரியும். மூலையில் இருக்கும் லாட்ஜின் விரிப்பு, தலையணை உறை, துவாலை எல்லாம் இவள் வீட்டுக்கு அழுக்காக வந்து வெள்ளையாகத் திரும்பும். புருஷன் விழுந்த பிறகு தொடங்கிய பிழைப்பு. முதலில் கையால் துவைத்தாள். விரல் வெடித்தது. இருந்ததையெல்லாம் சுரண்டி இந்த மெஷினை வாங்கினாள். சாதாரண மெஷின் இல்லை. விளக்கு மின்னும், துணியின் எடையைத் தானே பார்த்துத் தண்ணீர் எடுக்கும், வேலை முடிந்தால் பாட்டுப் பாடும். அடுத்த தெருவில் பெரிய பங்களாக்காரர்கள் வைத்திருப்பது போன்றது.

பங்களாக்காரர்கள் வாரத்துக்கு இரண்டு முறை போடுவார்கள். இவள் விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை போட்டாள். உத்தரவாத அட்டையில் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் ஒரு வரி இருந்தது: வீட்டு உபயோகத்துக்கு மட்டும். வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது. வாங்கும்போது அதை யாரும் படிக்கவில்லை. மெஷின் நின்றபிறகு நாத்தனார்தான் கண்ணுக்கருகில் வைத்துப் படித்தாள். படித்துவிட்டு, “அண்ணி, செத்தோம்” என்றாள்.

கம்பெனி இலவசமாகச் சரிசெய்து கொடுத்தால் குடும்பம் ஓடும். இல்லையென்றால் லாட்ஜ் கைவிட்டுப் போகும். நடுவில் வேறு வழி கிடையாது.

மெக்கானிக் உள்ளே வந்தார். நரைத்த மீசை, மழையில் நனைந்த தோள், கையில் கருவிப் பை. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு முறை முகர்ந்து பார்த்தார்.

“என்னம்மா, வீடே சோப்பு வாசனையா இருக்கு?”

“சுத்தமா இருந்தா தப்பா அண்ணே?”

“தப்பில்ல. நல்லதுதான்.” மெஷினைப் பார்த்தார். “இதென்ன, புதுப்பொண்ணு மாதிரி முக்காடு?”

அவர் துண்டை விலக்கினார். சிவப்பு முத்திரை அவரைப் பார்த்தது. அவரும் அதைப் பார்த்தார். கட்டிலில் கிரேன்காரன் காரணமில்லாமல் இருமினான்.

“உள்ள இருக்கறது?”

“எங்க போர்வைதாண்ணே.”

“லாட்ஜ் பேரு போட்டிருக்கே?”

“அது... பழசுன்னு லாட்ஜ்ல வித்தாங்க. மலிவா கிடைச்சுது.”

“அத்தனையுமா?”

“எங்க வீட்டுக்காரருக்கு அடிக்கடி மாத்தணும்ணே. படுத்த படுக்கை.”

மெக்கானிக் திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். கூரைக்குப் பக்கத்தில் படுத்திருப்பவன் போலக் கிரேன்காரன் அவரைக் கீழ்நோக்கிப் பார்த்துத் தலையசைத்தான். அவனுக்கு அடியில் வெள்ளை அடுக்கு, நீலக் கோடு போட்ட விளிம்பு. அடுக்கின் எல்லா விளிம்பிலும் அதே நீலக் கோடு.

“மெத்தை நல்ல உயரமா இருக்கு” என்றார் மெக்கானிக்.

“டாக்டர் சொன்னாரு” என்றான் கிரேன்காரன்.

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. மெஷினின் அடிப்பக்க மூடியைத் திறந்து உள்ளே இருந்த சின்னக் கயிற்றை இழுத்தார். கதவு படக்கென்று திறந்தது. புளித்த தண்ணீர் வாடை அறையில் பரவியது. விரிப்புகளை உருவி உருவி வாளியில் போட்டார். பின்பக்கத்தைக் கழற்றினார், டார்ச் அடித்தார், ஒரு கம்பியை இரண்டு இடத்தில் வைத்து மீட்டரைப் பார்த்தார். டிரம்மைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார்.

“போர்டு போயிடுச்சும்மா. இதுக்கு மூளையே அந்த போர்டுதான்.”

“வாரண்டி இருக்கே அண்ணே.”

“இருக்கு.” ஸ்க்ரூவைப் பல்லில் கடித்துக்கொண்டே சொன்னார். “டிரம் சத்தமும் சரியில்ல. இந்த வயசுல இந்தச் சத்தம் வரக்கூடாது. எத்தனை தடவை போடுவீங்க?”

“வாரத்துக்கு ரெண்டு தடவை.”

அவர் அவள் விரல்களைப் பார்த்தார். நுனி வெளிறி, தோல் சுருங்கி, நகக்கண்ணில் புண். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

நாத்தனார் டீ கொண்டுவந்தாள். மெக்கானிக் ஊதி ஊதிக் குடித்தார்.

“போர்டு போச்சுன்னு எழுதறேன்” என்றார் கடைசியில். “துணி யாருதுன்னு எழுதறது என் வேலையில்ல. புது போர்டுக்கு ஆபீஸ்ல ஓகே ஆகணும். போன் பண்ணிக் கேப்பாங்க. மெக்கானிக் வந்தாரா, ஒழுங்கா நடந்துகிட்டாரான்னு கேப்பாங்க. நல்லபடியா சொல்லுங்க.”

அவர் படியிறங்கிய பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டார்கள்.

“முதல்ல என்னைக் கீழ இறக்குங்க” என்றான் கிரேன்காரன். “மெத்தையில ஏதோ குத்துது.”

“உங்களுக்கு எதுதான் குத்தல?” என்றாள் துணியக்கா.

மெக்கானிக்கை நம்பி லாட்ஜ் காத்திருக்குமா? விரிப்பு வந்துகொண்டேயிருந்தது. துணியக்கா மறுபடி கையை நம்பினாள். மொட்டை மாடியில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி, சோப்புத்தூள் கரைசல், தொட்டிக்குள் இறங்கி மிதி மிதியென்று மிதிக்கும் கால்கள். சாயங்காலம் செருப்புக் கடை வேலை முடிந்து நாத்தனார் வந்ததும் பிழிகிற வேலை. விரிப்பின் ஒரு முனையை இவள் பிடிக்க, மறு முனையை அவள் பிடிக்க, ஆளுக்கொரு திசையில் முறுக்கினால் துணி கயிறாகித் தண்ணீர் கொட்டும்.

“நாள் பூரா அடுத்தவங்க காலைப் பிடிக்கறேன். சாயங்காலம் அடுத்தவங்க படுத்த துணியைப் பிடிக்கறேன்” என்றாள் நாத்தனார். “என் ஜாதகத்தை எழுதினவன் கையில கிடைக்கட்டும்.”

“கிடைச்சா அவனையும் சேர்த்துப் பிழிவோம். முறுக்கு.”

மழை அவர்கள் பக்கம் இல்லை. காலையில் வெயில் போல வேஷம் போடும், காயப்போட்டதும் கொட்டும். விரிப்புகள் வீட்டுக்குள் வந்தன. கயிறு கட்டாத மூலை இல்லை. கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் நடப்பவர் முகத்தில் ஈரத் துணி அறைந்தது. காயாததை இஸ்திரி போட்டுக் காயவைத்தார்கள். ஆவி எழுந்து சுவரெல்லாம் வியர்த்தது.

“இது வீடா, மீன் தொட்டியா?” என்றான் கிரேன்காரன்.

சோற்றையும் முட்டையையும் தட்டில் போட்டுக் கொடுத்தாள். ஒரு வாய் வைத்தான்.

“சோறு குழைஞ்சு போச்சு.”

“ரெண்டு கைதான் இருக்கு.”

“அதுல உப்பு போட ஒரு கை கூடவா கிடைக்கல?”

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “அண்ணி, எங்கண்ணன் வாயிலேருந்து ஒரு நல்ல வார்த்தை வந்தா இந்த மழை நின்னுடும்னு நினைக்கிறேன்.”

“அப்ப இந்த வருஷம் வெயில் கிடையாது” என்றாள் துணியக்கா.

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற அளவுக்குக் கழுத்துக்கு மேலே தெம்பு இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு இதே வாய்தான். கிரேனில் இருந்தபோது மேலிருந்து கத்திக் கத்திப் பழகியவன். பாராட்ட அவனுக்குத் தெரியாது. அவளும் எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

லாட்ஜ் மேனேஜர் ஒரு நாள் படியேறி வந்தார். விரிப்பை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார்.

“ஈர வாடை அடிக்குதும்மா. நேத்து ஒருத்தர் ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாரு. நாய் படுத்த மாதிரி இருக்காம்.”

“மெஷின் வந்துடும் சார். போர்டு வர வேண்டியதுதான் பாக்கி.”

“பெரிய லாண்டரிக்காரன் என் வாசல்லயே நிக்கறான். உங்க வீட்டுக்காரர் நிலைமையைப் பார்த்துத்தான் பொறுத்துகிட்டிருக்கேன். இந்த வாரம் பார்ப்பேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க.”

அடுத்த நாள் கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. துணியக்காவின் கை எப்போதும் ஈரம் என்பதால் வீட்டுக்கு ஒரே போன், அது புருஷனின் தலைமாட்டில் இருக்கும். நாத்தனார்தான் எடுத்துப் படித்தாள். ஒரு முறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

“என்னடி?”

“புகார் முடிஞ்சுதாம். வியாபார உபயோகம்னு வாடிக்கையாளர் தரப்புலேயே சொன்னதால உத்தரவாதம் செல்லாதாம்.”

துணியக்கா தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. எழுந்திருக்கவில்லை.

பிறகு ஆரம்பித்தது விசாரணை.

முதலில் மெக்கானிக். போனில் அவர் குரல் உடைந்தது. “நான் சொல்லலம்மா. உங்க டீயைக் குடிச்சிட்டு உங்களுக்கே துரோகம் பண்ணுவேனா? நான் எழுதினது ஒரே வரி. போர்டு பழுது.”

அடுத்தது கீழ் வீட்டுக்காரர். மாடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, மெஷின் ஓடினால் என் கட்டில் நடக்கிறது என்று தினமும் புலம்புகிறவர். படியிலேயே மடக்கினாள்.

“கம்பெனிக்கு நீங்கதான சொன்னீங்க?”

“நான் எதுக்கும்மா ரகசியமா சொல்லணும்? எனக்கு உன்மேல கோபம்னா தெரு நடுவுல நின்னு சொல்வேன். அதுதான் என் வழக்கம். உனக்கே தெரியுமே!”

தெரியும். போன மாதம்கூடச் சொன்னார். அந்தப் பக்கமும் கதவு மூடியது.

மிச்சம் இருந்தது ஒரே ஒருத்தி. கேட்டிருக்கக் கூடாது. ஆனால் சோர்வு வந்தால் நாக்குக்குக் கடிவாளம் கழன்றுவிடும்.

“செருப்புக் கடையில யார்கிட்டயாவது வாய்விட்டியா?”

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். தன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். வீங்கியிருந்தது.

“இதைப் பாருங்க அண்ணி. உங்க துணியைப் பிழிஞ்சு பிழிஞ்சு வந்தது. இதை வச்சுகிட்டு நான் போய்ச் சொல்வேனா? கேட்டுட்டீங்கல்ல. நல்லா இருங்க.”

அன்றைக்கு அவள் விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கவில்லை. துணியக்கா ஒரு முனையைக் மாடிக் கைப்பிடிக் கம்பியில் கட்டித் தனியாக முறுக்கினாள். பாதித் தண்ணீர்தான் போனது.

“நாளைக்கு ஆபீசுக்கே போறேன்” என்று புருஷனிடம் சொன்னாள்.

“எதுக்கு?”

“யார் சொன்னாங்கன்னு கேப்பேன். யாரும் சொல்லலன்னு சண்டை போடுவேன்.”

“போனது போச்சு, விடு. அங்க போய் என்ன கிழிக்கப் போற?”

“உங்களுக்கென்ன, படுத்துகிட்டுச் சொல்றீங்க.”

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையின் கனம் அவளுக்குத் தெரிந்தது. அவன் தட்டை வாங்கிக்கொண்டான். சோறு அன்றைக்கும் குழைந்துதான் இருந்தது. ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டான்.

சர்வீஸ் ஆபீஸ் பெரிய கண்ணாடிக் கட்டடம். உள்ளே குளிர். நனைந்த புடவையோடு நுழைந்தவளுக்குப் பல் கிட்டியது. ஒரு கிழவர் மிக்ஸியை மடியில் குழந்தை போல வைத்திருந்தார். ஒரு பெண் டிவி ரிமோட்டை ஆட்டி ஆட்டி யாருடனோ போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வரிசை எறும்பு போல நகர்ந்தது.

கவுண்டரில் இருந்தவள் சின்னப் பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம். காலையிலிருந்து திட்டு வாங்கிய முகம்.

“சொல்லுங்க மேடம்.”

துணியக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள். மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். வீட்டுத் துணிதான், படுத்த படுக்கையான புருஷன், வாரத்துக்கு இரண்டு தடவை. சொல்லச் சொல்லப் பொய் அவள் வாயில் உண்மை போலவே வந்தது.

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். “உங்க பக்கத்துலேருந்தே சொல்லியிருக்காங்க மேடம்.”

“என் பக்கம்னா யாரு? என் வீட்டுல மூணு பேரு. மூணு பேரும் சொல்லல. உங்க ஆளுங்க யாரோ கதை கட்டியிருக்காங்க.”

“நாங்க ஏன் மேடம் கட்டப்போறோம்?”

“ஒரு போர்டு மிச்சம்ல? அதுக்குத்தான்.” துணியக்காவின் குரல் ஏறியது. மிக்ஸிக் கிழவர் திரும்பிப் பார்த்தார். “நீ சொன்ன ஒரு வரியால என் வீட்டுல ஒருத்தி எங்கிட்ட பேசறதில்லம்மா. நான் ஒருத்தர் விடாம எல்லாரையும் சந்தேகப்பட்டுட்டேன். யாருன்னு காட்டு. காட்ட முடியலன்னா போர்டை எழுதிக் கொடு. ரெண்டுல ஒண்ணு நடக்காம நான் இந்த இடத்தை விட்டு அசையமாட்டேன்.”

பின்னால் இருந்த வரிசை முணுமுணுத்தது. சின்னப் பெண் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

“சரிங்கக்கா.” மேடம் போய் அக்கா வந்தது. “எங்க கால் எல்லாமே ரெக்கார்டு ஆகும். கேட்டுப் பார்க்கறேன். அப்படி யாரும் சொல்லலன்னா இப்பவே, உங்க முன்னாடியே போர்டுக்கு எழுதறேன். சொல்லியிருந்தா நீங்க எழுந்து போயிடணும். சம்மதமா?”

“சம்மதம்.”

அந்தப் பெண் ஹெட்போனை மாட்டினாள். எதையோ தட்டினாள். கேட்டாள். அவள் முகத்தில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு உதடு லேசாக அசைந்தது. பிறகு துணியக்காவின் கைகளைப் பார்த்தாள். அப்புறம் நிமிரவேயில்லை.

“என்னம்மா? யாரு?”

“போயிடுங்கக்கா. சொல்லியிருக்காங்க. அவ்வளவுதான்.”

“யாருன்னு கேட்டேன்.”

“நீங்க கேக்க வேணாம்.”

“நான் கேக்காம எந்திரிக்க மாட்டேன்.”

பெண் இரண்டு பக்கமும் பார்த்தாள். மேலதிகாரியின் நாற்காலி காலியாக இருந்தது. ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினாள். சத்தத்தைக் குறைத்து, ஸ்பீக்கரைக் கண்ணாடித் தடுப்பின் ஓட்டைக்கு அருகில் நகர்த்தினாள். துணியக்கா குனிந்து காதை வைத்தாள்.

முதலில் வேறு ஏதோ பெண்ணின் தேன் குரல். “வணக்கம் சார். உங்க வாஷிங் மெஷின் புகார் சம்பந்தமா பேசறோம். எங்க மெக்கானிக் வந்து பார்த்தாரா?”

“வந்தாரும்மா. நல்ல மனுஷன். டீ குடிச்சாரு.”

துணியக்கா கவுண்டரின் விளிம்பைப் பிடித்தாள்.

“நன்றி சார். மெஷினை வீட்டு உபயோகத்துக்குத்தான பயன்படுத்தறீங்க?”

ஸ்பீக்கரில் ஒரு சிரிப்பு. அவள் கேட்டு எத்தனையோ காலமான சிரிப்பு.

“வீட்டு உபயோகமா! ஏம்மா, மூலையில ஒரு லாட்ஜ் இருக்கு பாரு, அது மொத்தத்தையும் என் பொண்டாட்டி ஒருத்திதான் வெளுக்கறா. தெரியுமா உனக்கு? நான் கீழ விழுந்தப்ப எல்லாரும் வந்து அழுதாங்க. அவ அழல. மறுநாளே போய் லாட்ஜ் வாசல்ல நின்னு வேலை கேட்டா. உன் மெஷின் நின்னு போச்சு, அவ நிக்கல. இப்பக்கூட மழையில மாடியில நிக்கறா. எனக்கு இங்க படுத்த இடத்துல அவ மிதிக்கற சத்தம் கேக்குது. கிரேன்ல எவ்வளவோ பளு தூக்கினவன்மா நான். இவ மாதிரி தூக்கற ஆளை நான் பார்த்ததில்ல. அதனால சொல்றேன், அந்த போர்டைச் சீக்கிரம் அனுப்பிடு. அவளால இனிமே முடியாது. ஆனா முடியலன்னு வாய் திறக்கமாட்டா.”

கொஞ்ச நேரம் கரகரப்பு.

“புரியுது சார். மேடம்கிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?”

“வேணாம், வேணாம். நான் இப்படியெல்லாம் பேசினேன்னு அவகிட்ட சொல்லிடாதம்மா. அப்புறம் அவளுக்குத் தலைகால் புரியாது.”

“சொல்லமாட்டோம் சார்.”